பாலிமர் பிஸ்டலும் அதன் ட்ரிக்கரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலிமர் (பிளாஸ்டிக் வகை) சட்டமும், அதாவது கைப்பிடியோடு கூடிய உடலும், தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசியான ஸ்ட்ரைக்கரும் கொண்ட 9 மி.மீ. பிஸ்டல்களைப் பற்றியது இந்தப் பக்கம். உதாரணங்கள் பெரும்பாலும் க்ளாக் நிறுவனத்தின் பிஸ்டல்களிலிருந்தே வரும். அதிகம் பேர் வைத்திருப்பது அதுதான், மற்ற பல பிஸ்டல்களின் உள்ளமைப்பும் அதன் வழியில்தான் வந்தது. பழைய தலைமுறை (3, 4) என்றும் 5ஆம் தலைமுறை என்றும் பிரித்துச் சொல்லும் இடங்களைக் கவனித்துப் படியுங்கள். பாகங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

கீழே சொல்லும் எதைச் செய்வதற்கு முன்பும்: மேகசினை (தோட்டா அடுக்கிய பெட்டி) முதலில் கழற்றுங்கள், பிறகு ஸ்லைடை (மேலே முன்னும் பின்னும் ஓடும் உலோகப் பகுதி) பின்னே இழுத்துப் பூட்டுங்கள், தோட்டா அறையைக் கண்ணால் பாருங்கள், விரல் விட்டும் தடவுங்கள். வரிசை முக்கியம். மேகசின் உள்ளே இருக்க ஸ்லைடை இழுத்துவிட்டால் அடுத்த தோட்டா அறைக்குள் ஏறிவிடும். வேலை நடக்கும் அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது.

ட்ரிக்கரை அழுத்தும்போது உள்ளே என்னதான் நடக்கிறது?

விரல் பட்டதும் முதலில் அமுங்குவது ட்ரிக்கரின் நடுவில் இருக்கும் சின்ன நாக்கு. அது அமுங்காவிட்டால் ட்ரிக்கர் பின்னே வராது. அதன் பிறகு ட்ரிக்கரோடு இணைந்த ட்ரிக்கர் பார் பின்னோக்கி நகரும். க்ளாக்கில் இந்த ஒரே தகடு மூன்று வேலைகளைப் பார்க்கிறது. ஓரளவு இழுபட்ட நிலையில் காத்திருக்கும் ஸ்ட்ரைக்கரை மிச்ச தூரத்துக்கும் பின்னே இழுக்கிறது. ஸ்ட்ரைக்கரின் வழியை மறித்து நிற்கும் பாதுகாப்புக் குமிழை மேலே தூக்குகிறது. கடைசியில் கனெக்டர் என்ற சிறு தகட்டின் சரிவில் மோதிக் கீழே இறங்கி, ஸ்ட்ரைக்கரைக் கைவிடுகிறது. அந்த நொடியில்தான் வெடிக்கும்.

வெடித்து ஸ்லைடு பின்னே போகும்போது கனெக்டரை உள்பக்கமாக ஒதுக்கிவிடுகிறது. தடை நீங்கியதால் ட்ரிக்கர் பார் மேலே எழுந்து, திரும்பி வரும் ஸ்ட்ரைக்கரைப் பிடித்துக்கொள்கிறது. விரலைத் தளர்த்தினால் ஓர் இடத்தில் கனெக்டர் பழைய இடத்துக்குத் துள்ளி வந்து 'க்ளிக்' என்று கேட்கும். ரீசெட் என்பது இதுதான். அதுவரை விரலைத் தளர்த்தாமல் மறுபடி அழுத்தினால் ஒன்றும் ஆகாது.

இதை முதலிலேயே விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. கையில் உணரும் ஒவ்வொரு கிராம் எடைக்கும் (ட்ரிக்கரை இழுக்க வேண்டிய விசையைத்தான் எடை என்கிறோம்) உள்ளே ஒரு வேலை இருக்கிறது. ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங்கை அழுத்தும் உழைப்பு, குமிழைத் தூக்கும் உழைப்பு, கனெக்டர் சரிவின் உராய்வு. எடையைக் குறைக்கிறேன் என்று கிளம்புகிறவர் இவற்றில் எதைக் குறைக்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு கிளம்ப வேண்டும்.

டேக்-அப், வால், பிரேக் என்றெல்லாம் சொல்கிறார்களே?

ட்ரிக்கர் லேசாக நகரும் முதல் பகுதி டேக்-அப். பிறகு கெட்டியாக எதிர்க்கும் இடம் வால் (ஆங்கிலத்தில் 'சுவர்'). அதைத் தாண்டி ஸ்ட்ரைக்கர் விடுபடும் புள்ளி பிரேக் ('உடைதல்'). விடுபட்ட பிறகும் ட்ரிக்கர் பின்னே போகும் கொஞ்ச தூரம் ஓவர்-டிராவல். க்ளாக்கில் மொத்தப் பயணம் ஏறக்குறைய 12.5 மி.மீ. பாலிமர் பிஸ்டலின் பிரேக் உலோகச் சட்டம் கொண்ட 1911 என்ற பழைய மாடல் பிஸ்டல் போலக் கண்ணாடி உடைவதாக இருக்காது, கொஞ்சம் உருண்டு போகும். அதைக் குறையென்று எண்ணிக் காசு செலவழிப்பவர்கள் நிறைய. உருண்டு போகும் பிரேக் மோசமானதல்ல. வெடிக்கும் கணம் முன்கூட்டியே தெரியாததால் பதற்றமாக இழுக்கும் பழக்கம் அதில் குறைவாகவே வெளிப்படும்.

எந்த மாடலின் ட்ரிக்கர் எப்படி?

க்ளாக் 17, 19: சுமார் 2.5 கிலோ. டேக்-அப் ஸ்பிரிங்கின் மேல் போவதுபோல மெத்தென்று இருக்கும், ரீசெட் தெளிவாகக் கேட்கும். க்ளாக் 34 போன்ற போட்டி மாடல்களில் 'மைனஸ்' கனெக்டர் வருகிறது, சுமார் 2 கிலோ.

ஸ்மித் அண்ட் வெசன் எம் அண்ட் பி (2005): நடு நாக்குக்குப் பதிலாக ட்ரிக்கரே இரண்டாக மடங்கும். முதல் பதிப்பில் ரீசெட் எங்கே என்று விரலுக்குப் பிடிபடவில்லை என்பதுதான் உரிமையாளர்கள் அதிகம் சொன்ன புகார். 2017-இல் வந்த 2.0 பதிப்பில் ரீசெட்டைக் கையால் உணர முடிகிறது, பிரேக்கும் சீராகிவிட்டது.

வால்தர் பிபிக்யூ (2011): ஸ்ட்ரைக்கர் ஏற்கெனவே முழுமையாக இழுபட்டுக் காத்திருக்கும் வகை. எடை க்ளாக்கைப் போலவே 2.5 கிலோவை ஒட்டித்தான், ஆனால் ரீசெட் தூரம் 2.5 மி.மீ. அளவே. கடையில் கையில் எடுத்தவுடன் பிடித்துப்போவது இதுதான். 2021-இல் வந்த பிடிபி அதன் வாரிசு.

எச்கே விபி9 (2014): 2.5 கிலோவுக்குச் சற்றே கீழ். வால் தெளிவாகத் தெரியும். சிசட் பி-10 சி-யும் (2017) இதே குணம், பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் இலேசு.

சிக் பி320 (2014): நடு நாக்கு இல்லாத வளைந்த ட்ரிக்கர். கைப்பிடிக் கூட்டிலிருந்து ட்ரிக்கர் பொறி முழுவதையும் ஒரே உலோகச் சட்டமாகக் கழற்றி எடுக்கலாம். அதன் பாதுகாப்பு பற்றிய கேள்வி கீழே தனியாக உண்டு.

பாலிமர் சட்டத்தை முதலில் கொண்டுவந்தது க்ளாக் அல்ல, எச்கே விபி70 (1970). அதன் ட்ரிக்கர் அவ்வளவு கடினம் என்பதால் யாரும் அதை ஏக்கத்தோடு நினைவுகூர்வதில்லை.

புது பிஸ்டல், ட்ரிக்கர் மணல் அரைப்பதுபோல் இருக்கிறது. பழுதா?

பெரும்பாலும் இல்லை. பாதுகாப்புக் குமிழின் விளிம்பும் ட்ரிக்கர் பாரின் மேல் நீட்சியும் உராயும் இடத்தில் அச்சு வெட்டிய தடங்கள் இருக்கும். சில நூறு தடவை அழுத்தினாலே அவை தேய்ந்து வழவழப்பாகிவிடும். புது க்ளாக்கின் ஸ்லைடுக்குள் செம்பு நிறத்தில் ஒரு பசை தெரியும். அழுக்கென்று துடைத்தெடுக்காதீர்கள். தொடக்கத் தேய்மானத்துக்காகத் தொழிற்சாலையிலேயே தடவியது அது.

தேய்த்துப் பளபளப்பாக்கும் வேலையில் இறங்குவதானால் பருத்திக் குச்சியும் உலோகப் பாலிஷும் போதும். சுழலும் மின்கருவியை எடுக்காதீர்கள். பரப்பை மட்டும் மினுக்க வேண்டும், விளிம்பை உருட்டக் கூடாது. ட்ரிக்கர் பாரின் பின்புறம் சிலுவை வடிவில் விரிந்து ஸ்ட்ரைக்கரைத் தாங்கும் தகட்டின் மேல் விளிம்பைத் தொடவே தொடாதீர்கள். ஸ்ட்ரைக்கர் நழுவாமல் நிற்பது அந்த விளிம்பின் பலத்தில்தான்.

குறி வைத்த இடத்துக்குக் கீழே, இடது பக்கம் போகிறது. ட்ரிக்கரை மாற்றினால் சரியாகுமா?

வலது கைக்காரர்களிடமிருந்து ஓயாமல் வரும் கேள்வி. பதில்: பெரும்பாலும் ஆகாது.

கணக்கைப் பாருங்கள். காலி மேகசினோடு க்ளாக் 17-இன் எடை 700 கிராமைச் சற்றே தாண்டும். அதன் ட்ரிக்கரை இழுக்க 2.5 கிலோ விசை வேண்டும். துப்பாக்கியின் எடையைப் போல மூன்று மடங்குக்கு மேல் விசை கொடுக்கிறோம், அதில் சிறு பங்கு பக்கவாட்டில் போனாலும் முனை நகரும். முன் குறிக்கும் பின் குறிக்கும் இடைவெளி 165 மி.மீ. முன்குறி 1 மி.மீ. விலகினால் 15 மீட்டரில் 9 செ.மீ., 25 மீட்டரில் 15 செ.மீ. தள்ளிப் படும்.

காரணங்கள் மூன்று, இந்த வரிசையில் சோதியுங்கள்.

முதலாவது, வெடிக்கப்போகிறது என்று தெரிந்து கை முன்கூட்டியே கீழே அமுக்குவது. வேறொருவரிடம் கொடுத்து, மேகசினில் 10 தோட்டாவுக்கு இரண்டு டம்மி தோட்டாவை உங்களுக்குத் தெரியாத இடத்தில் கலந்து போடச் சொல்லுங்கள். டம்மி வரும்போது வெடிப்பு இருக்காது. அந்தக் கணத்தில் முனை சடாரென்று தலை குனிந்தால் விடை கிடைத்துவிட்டது. இதற்கு எந்தக் கடையிலும் உதிரிபாகம் கிடையாது.

இரண்டாவது, ட்ரிக்கர் விரலோடு சேர்த்து மற்ற விரல்களும் இறுகுவது. இடது கை நன்றாக இறுக்கிப் பிடித்திருந்தால் வலது கை தளர்வாக இருக்கலாம், ட்ரிக்கர் விரல் தனியாக வேலை செய்யும்.

மூன்றாவது, விரல் வைக்கும் இடம். முதல் கணுவின் சதைப்பகுதியின் நடு ட்ரிக்கரில் பட வேண்டும். நுனி மட்டும் பட்டால் இடப்பக்கம் தள்ளும், மடிப்புவரை நுழைத்தால் வலப்பக்கம் இழுக்கும் என்பது பொது விதி. ஆனால் கையின் அளவைப் பொறுத்து மாறும், அதனால் விதியைவிட இலக்கில் தெரியும் துளைகளை நம்புங்கள். பின்பக்க அட்டையை மாற்றிக் கைப்பிடியைப் பெரிதாக்கியோ சிறிதாக்கியோ பார்ப்பது, ட்ரிக்கரை மாற்றுவதைவிட மலிவு, பயனும் அதிகம்.

இடது கைக்காரர்களுக்கு இதெல்லாம் அப்படியே வலப்புறமாகத் திரும்பும்.

ட்ரிக்கர் எடையைச் சரியாக அளப்பது எப்படி?

ஸ்பிரிங் தராசோ டிஜிட்டல் கருவியோ எதுவானாலும், கொக்கியை ட்ரிக்கர் வளைவின் ஆழமான நடுப்பகுதியில் மாட்டுங்கள். ட்ரிக்கர் மேலே ஊசியில் தொங்கும் நெம்புகோல். கீழ் நுனியில் இழுத்தால் அளவு குறைவாகக் காட்டும், மேலே இழுத்தால் கூடுதலாகக் காட்டும். பிஸ்டலைத் தாங்கியில் பிடித்து, குழலுக்கு இணையாக நேர் பின்னே, மெதுவாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் எண் ஏறும். 10 தடவை அளந்து சராசரி எடுங்கள். இரண்டு பேர் ஒரே மாடலுக்கு வேறு வேறு எண் சொல்வது பெரும்பாலும் கொக்கி மாட்டிய இடத்தால் வந்த வித்தியாசம்.

எடையைக் குறைக்க என்ன மாற்றலாம்? எது என்ன செய்யும்?

க்ளாக்கின் பழைய தலைமுறைகளை வைத்துச் சொல்கிறோம்.

கனெக்டர்: அதன் சரிவுக் கோணம்தான் பிரேக்கின் குணத்தைத் தீர்மானிக்கிறது. 'மைனஸ்' குறி கொண்டதைப் போட்டால் 2.5 கிலோ சுமார் 2 கிலோவாகக் குறையும். ஸ்ட்ரைக்கரின் அடிபலம் குறைவதில்லை. மாற்றியே தீருவேன் என்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ட்ரிக்கர் ஸ்பிரிங்: இதில்தான் பலர் குழம்புகிறார்கள். பழைய க்ளாக்கில் இந்தச் சுருள் ட்ரிக்கரைப் பின்பக்கமாக இழுத்து விரலுக்கு உதவுகிறது. அதனால் வலுவான சுருளைப் போட்டால் எடை கூடாது, குறையும்! பலன் சிறியது. கூடவே ரீசெட்டும் கொஞ்சம் சோம்பலாகும், ஏனென்றால் முன்னே திரும்பும் ட்ரிக்கரையும் அதே சுருள்தான் பின்னே பிடித்திழுக்கிறது.

நியூயார்க் ஸ்பிரிங்: அங்குள்ள காவல் துறைகளுக்காக வந்தது. சுருளுக்குப் பதில் உட்காரும் இந்தத் துண்டு ட்ரிக்கரை முன்பக்கமாகத் தள்ளும். முதல் வகையைச் சாதாரண கனெக்டரோடு போட்டால் 3.6 கிலோ அளவுக்கு ஏறும், இரண்டாம் வகை 5 கிலோவைத் தாண்டும். முதல் வகையை மைனஸ் கனெக்டரோடு சேர்த்தால் எடை ஏறக்குறைய பழையபடியே இருக்கும், ஆனால் தொடக்கம் முதல் பிரேக் வரை ஒரே சீரான எதிர்ப்பு கிடைக்கும். ரிவால்வரில் பழகிய கைகளுக்கு இது பிடிக்கும். உடையக்கூடிய பழைய சுருளும் இதில் இல்லை.

ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங்: இலேசானதைப் போட்டால் எடை குறையும் என்பது உண்மை, ஏனென்றால் அதை அழுத்துவது உங்கள் விரல்தான். ஆனால் பிரைமரை (தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் மூடி) அடிக்கும் பலமும் அதோடு குறையும். மெல்லிய பிரைமர் கொண்ட தோட்டாவில் சுடும்வரை எதுவும் தெரியாது, கெட்டியான பிரைமர் வரும் நாளில் 'டிக்' என்று மட்டும் கேட்கும். போட்டித் துப்பாக்கியில், சோதித்துத் தேர்ந்த தோட்டாவோடு மட்டும் இதை ஏற்கலாம். தற்காப்புக்கு வைத்திருப்பதில் வேண்டாம்.

பாதுகாப்புக் குமிழும் அதன் ஸ்பிரிங்கும்: விளிம்பு சாய்ந்த குமிழ்களைத் தனியாக விற்கிறார்கள். டேக்-அப் வழவழப்பாகும். ஸ்பிரிங்கை மட்டும் இலேசாக்காதீர்கள். கீழே விழும்போது குமிழைத் தன் இடத்தில் பிடித்து வைப்பது அந்த ஸ்பிரிங்தான்.

கனமான உலோக ட்ரிக்கர் போட்டால் ஆபத்து என்கிறார்கள். ஏன்?

பிஸ்டல் பின்பக்கம் தரையில் மோதும்படி விழுகிறது என்று வையுங்கள். சட்டம் நின்றுவிடும். ட்ரிக்கர் மட்டும் தன் வேகத்திலேயே பின்னோக்கிப் போகப் பார்க்கும், யாரோ இழுத்ததுபோல. ட்ரிக்கர் எவ்வளவு கனமோ அவ்வளவு உந்தம். நடு நாக்கு இருப்பது இதைத் தடுக்கத்தான். நாக்கின் எடை மிகக் குறைவு என்பதால் அதன் ஸ்பிரிங் அதை எளிதாகப் பிடித்துக்கொள்ளும், ட்ரிக்கர் சட்டத்தில் மோதி நிற்கும்.

சிக் பி320-இல் நேர்ந்தது இதுவே. 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் அதன் ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், ஸ்லைடின் பின்முனை தரையில் படும் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் பொதுச்சந்தை மாடல் வெடிப்பது வெளியே வந்தது. நிறுவனம் அறிவித்த இலவச மேம்பாட்டில் இலேசான ட்ரிக்கர், புதிய சியர் (ஸ்ட்ரைக்கரைப் பிடித்து வைக்கும் பாகம்), புதிய ஸ்ட்ரைக்கர் எல்லாம் இருந்தன, ஸ்லைடு முழுக்க மூடாதவரை சுட விடாத இயந்திர டிஸ்கனெக்டர் ஒன்றும் சேர்ந்தது. பழைய பி320-ஐ இரண்டாம் கையாக வாங்குகிறவர்கள் அந்த மேம்பாடு நடந்ததா என்று வரிசை எண்ணைக் கொடுத்துக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ட்ரிக்கரைத் தொடாமலே வெடித்ததாகப் பின்னர் பல வழக்குகளும் வந்தன. நிறுவனம் அதை மறுக்கிறது.

ரூகர் எஸ்ஆர்9-உம் 2008-இல் விழுந்தால் வெடிக்கலாம் என்ற காரணத்துக்காகத் திரும்பப் பெறப்பட்டு, ட்ரிக்கர் குழு மாற்றப்பட்டது. நடு நாக்குள்ள ட்ரிக்கர் அதில் வந்தது அதன் பிறகே.

நாக்கில்லாத, தட்டையான, கனமான ட்ரிக்கரை அழகுக்காக வாங்கிப் போடுவோர் இதையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டும். முன்பயணத்தை (டேக்-அப்) குறைக்கத் திருகாணி வைத்த ட்ரிக்கர்கள் இன்னும் மோசம். முன்பயணம் குறையக் குறைய, பாதுகாப்புக் குமிழ் ஓய்வு நிலையிலேயே பாதி தூக்கப்பட்டுவிடும்.

க்ளாக் (3ஆம் தலைமுறை) கனெக்டரை மாற்றும் முறை?

வேண்டியது 2.5 மி.மீ. அளவு தட்டையான பஞ்ச் ஒன்று மட்டும். சுத்தியல் தேவைப்பட்டால் ஏதோ தவறாகப் போகிறது என்று பொருள்.

ஸ்லைடைக் கழற்றி ஓரமாக வையுங்கள். சட்டத்தில் மூன்று ஊசிகள். முதலில் மேலே இருக்கும் லாக்கிங் பிளாக் (குழலைப் பூட்டும் கட்டை) ஊசியைத் தள்ளுங்கள். அடுத்து பின்பக்க ஹவுசிங் (கனெக்டர் உட்காரும் கூடு) ஊசி. கடைசியாக ட்ரிக்கர் ஊசி. இது மட்டும் எளிதில் வராது, ஸ்லைடு நிறுத்தும் நெம்பை முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே தள்ளினால் வழிவிடும். நெம்பை எடுத்து, லாக்கிங் பிளாக்கை பஞ்சால் நெம்பி வெளியே எடுங்கள். பிறகு ட்ரிக்கரும் ஹவுசிங்கும் ஒன்றாக மேலே வந்துவிடும். கனெக்டர் ஹவுசிங்கின் வலது பக்கத்தில் செருகியிருக்கும், அடியிலிருந்து பஞ்சால் தள்ளினால் வெளியே வரும்.

புதியதைச் செருகும்போது கடைசி வரை உட்கார்ந்ததா என்று பாருங்கள். அரைகுறையாக நின்றால் பூட்டியபின் ட்ரிக்கர் செத்துவிடும். சுருளை மாட்டும்போது பக்கவாட்டில் பார்த்தால் ஆங்கில எஸ் வடிவம் தெரிய வேண்டும், தலைகீழாக மாட்டினால் சில நாளிலேயே முறிந்துபோகும்.

திரும்பப் பூட்டும்போதும் லாக்கிங் பிளாக் ஊசிதான் முதலில். அதற்குப் பிறகு நெம்பை நுழைக்கையில் அதன் மெல்லிய கம்பி அந்த ஊசிக்கு அடியில் போக வேண்டும். மேலே போய்விட்டால் தோட்டா இருக்கும்போதே ஸ்லைடு பின்னே பூட்டிக்கொண்டு நிற்கும். 'கனெக்டர் மாற்றினேன், பிஸ்டல் கெட்டுவிட்டது' என்று வரும் புகார்களில் கணிசமான பங்கு இந்தக் கம்பியால்தான். நெம்பை மேலே தூக்கி விட்டுப் பாருங்கள், துள்ளிக் கீழே விழ வேண்டும்.

5ஆம் தலைமுறையில் லாக்கிங் பிளாக் ஊசி கிடையாது, ட்ரிக்கர் ஸ்பிரிங்கும் வேறு மாதிரி. 4ஆம் தலைமுறையின் ஹவுசிங் 3-இல் பொருந்தாது. தலைமுறையைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

பூட்டிய பிறகு என்னென்ன சோதிக்க வேண்டும்?

தோட்டா இல்லாத பிஸ்டலில்:

ட்ரிக்கரின் ஓரத்தில், நாக்கு படாமல், நகத்தால் அழுத்துங்கள். பின்னே போகக் கூடாது.

ட்ரிக்கரை முழுக்க இழுத்து அப்படியே பிடித்துக்கொண்டு ஸ்லைடை இழுத்து விடுங்கள். ட்ரிக்கர் பின்னாலேயே நிற்க வேண்டும். மெதுவாகத் தளர்த்தினால் ரீசெட் கேட்க வேண்டும், மறுபடி அழுத்தினால் ஸ்ட்ரைக்கர் விழ வேண்டும்.

ஸ்லைடைப் பலமாகப் பலமுறை இழுத்து விடுங்கள், உள்ளங்கையால் ஸ்லைடின் பின்பக்கத்தைத் தட்டுங்கள். ஸ்ட்ரைக்கர் தானாக விழக் கூடாது. அதன் பிறகு ட்ரிக்கரை இழுத்தால் 'க்ளிக்' வர வேண்டும். வராவிட்டால் அது ஏற்கெனவே நழுவிவிட்டது.

ஸ்லைடைக் கழற்றி ஸ்ட்ரைக்கரின் கால்பகுதியைப் பின்னே இழுத்து மெதுவாக முன்னே விடுங்கள், குமிழில் மோதி நிற்கும். அந்த நிலையில் விரலால் அழுத்தமாக முன்னே தள்ளுங்கள். ஊசி நுனி வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. அடுத்து குமிழை அமுக்கிக்கொண்டு ஸ்லைடை ஆட்டுங்கள், ஸ்ட்ரைக்கர் தடையில்லாமல் ஆடும் ஓசை கேட்க வேண்டும்.

பின்பக்க மூடியில் சன்னல் வெட்டிய ஆரஞ்சு நிறத் தகடு ஒன்று ஆர்மரர்களிடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்கள்) இருக்கும். அதை மாட்டினால் ட்ரிக்கர் பாரும் ஸ்ட்ரைக்கரும் எவ்வளவு பிடித்திருக்கின்றன என்பது கண்ணுக்கே தெரியும். மூன்றில் இரண்டு பங்காவது பிடிப்பு வேண்டும். வெளியார் தயாரித்த ட்ரிக்கர் பார் போட்டவர்கள் இந்தத் தகட்டை வாங்காமல் இருப்பது புத்திசாலித்தனமல்ல.

இவற்றில் ஒன்று தவறினாலும் தோட்டா ஏற்றாதீர்கள். எல்லாம் தேறினால் ரேஞ்சில் முதலில் ஒரு தோட்டா, பிறகு இரண்டு, அதன் பிறகே முழு மேகசின்.

தோட்டா இல்லாமல் ட்ரிக்கரை அடித்துப் பழகலாமா?

பழகலாம், பழகவும் வேண்டும். ஸ்ட்ரைக்கர் வகையில் ஒவ்வொரு தடவையும் ஸ்லைடைக் கொஞ்சம் பின்னே இழுத்து ரீசெட் செய்ய வேண்டும், முழுக்க இழுக்கத் தேவையில்லை. தினமும் நூற்றுக்கணக்கில் அடிப்பவராக இருந்தால் தோட்டா அறைக்குள் டம்மி தோட்டா வையுங்கள். வெற்று அடி பல்லாயிரம் சேர்ந்தபின் க்ளாக் ஸ்லைடின் முகப்பு ஊசித்துளையைச் சுற்றி விரிசல் கண்டதுண்டு. முன்குறியின் மேல் ஒரு காலித் தோட்டா உறையை நிறுத்தி, அது விழாமல் அழுத்துவது பழைய முறை, இன்றும் அதைவிட நல்லது கிடையாது.

முடித்ததும் 'இன்னும் ஒன்று' என்று திரும்ப ஆரம்பிக்காதீர்கள். வீட்டுச் சுவரில் துளை விழுவது பெரும்பாலும் தோட்டாவைத் திரும்ப ஏற்றிய பிறகு அடிக்கும் அந்த ஒன்றில்தான்.

பிரைமரில் பள்ளம் விழுகிறது, வெடிக்கவில்லை. ஏன்?

முதலில், முனையை இலக்கின் பக்கமே வைத்து 30 வினாடி பொறுங்கள். சில தோட்டா தாமதமாக வெடிக்கும்.

அதே தோட்டா இரண்டாவது அடியில் வெடித்தால் பிரைமர் உறையில் ஆழமாக உட்காராமல் இருந்திருக்கும், முதல் அடியின் பலம் அதை உள்ளே தள்ளுவதிலேயே போய்விட்டது. சொந்தமாகத் தோட்டா நிரப்புகிறவர்களுக்கு இது பழக்கமான கதை.

பள்ளம் எல்லாத் தோட்டாவிலும் ஆழமில்லாமல் இருந்தால் ஸ்ட்ரைக்கர் குழாயைப் பாருங்கள். அங்கே எண்ணெய் விட்டிருந்தால் எரிந்த மருந்துத் தூளும் பித்தளைத் தூளும் சேர்ந்து பசையாகியிருக்கும். ஸ்ட்ரைக்கர் குழாய் உலர்ந்தே இருக்க வேண்டும். துடைத்து விட்டால் போதும், எண்ணெய் வேண்டாம். அதன் பின் இலேசான ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங், உடைந்த ஸ்பிரிங் கிண்ணம், கடைசி ஒரு மில்லிமீட்டர் மூடாத ஸ்லைடு ஆகியவற்றைச் சந்தேகியுங்கள்.

ட்ரிக்கர் திரும்பி வரவில்லை, அல்லது அழுத்தினால் ஒன்றும் ஆவதில்லை?

ஸ்லைடு முழுக்க மூடியதா என்று பாருங்கள். அழுக்கான அறையோ நீளம் கூடிய தோட்டாவோ சிறு இடைவெளி விட்டாலே ட்ரிக்கர் செத்ததுபோல இருக்கும். இது பழுதல்ல, டிஸ்கனெக்டர் தன் வேலையைச் செய்கிறது. ஸ்லைடு மூடியிருந்தும் ட்ரிக்கர் தொளதொளவென்று முன்னும் பின்னும் ஆடினால் பழைய க்ளாக்கின் சுருள் முறிந்திருக்கும். நாக்கு முன்னே துள்ளாமல் ஒட்டிக்கொண்டால் அதன் பள்ளத்தில் மணலோ காய்ந்த பசையோ. கழுவி உலர்த்தினால் சரியாகும்.

ஒரு தடவை அழுத்தினேன், இரண்டு வெடித்தது.

அந்தக் கணமே நிறுத்துங்கள். மேகசினைக் கழற்றி, அறையைக் காலி செய்து, பயிற்சி பெற்ற ஆர்மரரிடம் கொடுங்கள். 'இன்னொரு தடவை பார்ப்போம்' என்பது கூடாது. வெளிப்பாகம் போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கழற்றுவதற்கே ட்ரிக்கரை இழுக்க வேண்டுமாமே?

க்ளாக்கிலும் சிசட் பி-10-இலும் ஆம். ஸ்லைடைக் கழற்றுமுன் ஸ்ட்ரைக்கரை விழ வைக்க வேண்டும். அறையைப் பார்க்காமல் இதைச் செய்பவர்களுக்கு நேரும் விபத்து இந்த வகைப் பிஸ்டல்களின் பழைய பழி. எம் அண்ட் பி-யில் மேகசின் குழிக்குள் இருக்கும் சின்ன நெம்பைக் கீழே தள்ளினால் ட்ரிக்கரைத் தொடாமல் கழற்றலாம். விபி9, பி320 இரண்டிலும் ஸ்லைடைப் பின்னே பூட்டிவிட்டுப் பக்கவாட்டு நெம்பைத் திருப்பினால் போதும். க்ளாக் வைத்திருப்பவர் ட்ரிக்கரை இழுக்கும்போது முனை எதை நோக்கி இருக்கிறது என்பதைத் தோட்டா இருப்பதாகவே எண்ணித் தீர்மானிக்க வேண்டும்.

எண்ணெய் எங்கே, எவ்வளவு?

குழலின் வெளிப்புறம், ஸ்லைடு ஓடும் நான்கு சிறு தண்டவாளங்கள், இவற்றில் விரலால் தடவுமளவு. க்ளாக்கில் எல்லோரும் மறப்பது இன்னோர் இடம்: சட்டத்தின் வலது பின்மூலையில் ட்ரிக்கர் பார் கனெக்டரைத் தொடும் புள்ளி. அங்கே ஒரு சொட்டு. அது உலர்ந்தால் ட்ரிக்கர் கனக்கும், இரண்டு பாகமும் ஒன்றையொன்று அரைத்துக்கொள்ளும். ஸ்ட்ரைக்கர் குழாய்க்கும் குமிழுக்கும் ஒரு துளியும் வேண்டாம்.

ஹோல்ஸ்டருக்கும் ட்ரிக்கருக்கும் என்ன சம்பந்தம்?

வெளி சேஃப்டி இல்லாத பிஸ்டலில் ட்ரிக்கர் வளையத்தை மூடும் கெட்டியான ஹோல்ஸ்டரே வெளி சேஃப்டி. தொய்ந்துபோன தோல் ஹோல்ஸ்டரின் வாய் மடிந்து உள்ளே போய் ட்ரிக்கரை அழுத்தியதுண்டு. ஜாக்கெட்டின் நாடா முடிச்சும் அதையே செய்யும். வைக்கும்போது கண்ணால் பார்த்து, மெதுவாக, தடை தென்பட்டால் நிறுத்தி வெளியே எடுங்கள். வேகமாக எடுப்பதற்குக் காரணம் இருக்கலாம், வேகமாக வைப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. ட்ரிக்கரை 2 கிலோவுக்குக் கீழே இறக்கிய பிஸ்டலை இடுப்பில் மாட்டுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

விரலைக் கடிக்கிறதே?

நாக்கு முழுக்க உள்ளே அமுங்காமல் துருத்திக்கொண்டிருக்கிறதா பாருங்கள். க்ளாக் 19-இன் பழைய வரி வரியான ட்ரிக்கர் நீண்ட பயிற்சியில் விரலைத் தேய்க்கும். அமெரிக்க இறக்குமதி விதியின் புள்ளிக் கணக்கில் தேறுவதற்காக வந்த வரிகள் அவை. க்ளாக் 17-இன் வழவழ ட்ரிக்கரோடு மாற்றிக்கொள்வது சுலபம். நடுவிரல் கணு ட்ரிக்கர் வளையத்தின் அடியில் உரசிக் காய்த்துப்போவது வேறு பிரச்சினை, அது பிடியைச் சேர்ந்தது.

போட்டியில் எடைக்கு வரம்பு உண்டா?

பிரிவைப் பொறுத்தது. நடைமுறைச் சுடுதல் போட்டிகளின் உலக அமைப்பான ஐபிஎஸ்சி-இன் புரொடக்‌ஷன் பிரிவில் முதல் சுடுதலுக்குக் குறைந்தது 2.27 கிலோ, அல்லது ஒவ்வொரு சுடுதலுக்கும் 1.36 கிலோ. சர்வதேச சுடுதல் விளையாட்டுக் கூட்டமைப்பான ஐஎஸ்எஸ்எஃப்-இன் 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிரிவில் 1000 கிராம். வரம்பை ஒட்டி அமைக்காமல் 100 கிராமாவது கூடுதலாக வையுங்கள். உங்கள் தராசும் நடுவரின் தராசும் ஒத்துப்போகும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

ரீகாயில் ஸ்பிரிங்குக்கும் ட்ரிக்கருக்கும் தொடர்பு உண்டா?

க்ளாக்கில் உண்டு. ஓய்வு நிலையில் ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங் ஸ்லைடைப் பின்னே தள்ளப் பார்க்கிறது, ரீகாயில் ஸ்பிரிங் முன்னே பிடித்து வைக்கிறது. ரீகாயில் ஸ்பிரிங் தளர்ந்தால் ஸ்லைடு முழுக்க மூடாமல் ட்ரிக்கர் சாகும், பலர் ட்ரிக்கரைக் கழற்றி ஆராய்வார்கள். சோதனை எளிது: காலி பிஸ்டலின் முனையை மேல்நோக்கிப் பிடித்து, ட்ரிக்கரை இழுத்தபடியே வைத்து, ஸ்லைடை முழுக்கப் பின்னே இழுத்துக் கையோடு மெதுவாக முன்னே விடுங்கள். தானாகவே கடைசி வரை போய் மூட வேண்டும். பாதியில் நின்றால் மாற்ற வேண்டியது ரீகாயில் ஸ்பிரிங்கை, ட்ரிக்கரை அல்ல.